ஆபீஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களைப் புரிந்துகொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பில்லிங், ஸ்டோர், அக்கவுண்ட்ஸ் மென்பொருள் செய்கிற இடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். நான் நிரல் எழுதுகிறவன் இல்லை. எழுதி முடித்ததை யார், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து வந்து சொல்வது என் வேலை. புதிதாகச் சேரும் டெவலப்பர்கள், டெஸ்டிங் ஆட்கள், சப்போர்ட்டில் போன் எடுப்பவர்கள், சொந்தமாகக் கம்பெனி நடத்தும் நண்பர்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் அடிப்படையானவை, போகப் போகச் சிக்கலானவை.

1. யூசர்னா யாரு சார்? காசு குடுத்து வாங்குற முதலாளிதானே?

வாங்குகிறவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு. சொந்த போனில் ஒரு செயலி பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுகிறோம். ஆபீஸில் அது நடக்காது. டெமோ பார்த்து முடிவு செய்தது முதலாளி. காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை அதன் முன்னால் உட்காருவது அக்கவுண்ட்ஸ் அக்காவும் ஸ்டோர் அண்ணனும். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடையாது. அதனால் அந்த "வேண்டாம்" வேறு விதமாக வெளியே வரும். என்ட்ரி தாமதமாகும். பக்கத்தில் ஒரு நோட்டு முளைக்கும். பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும்.

1988-இல் ஜொனாதன் கிருடின் என்ற ஆய்வாளர் இதை எழுதினார். பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று பார்த்தவர், கூடுதல் வேலை ஒருவர் தலையிலும் பலன் இன்னொருவர் கையிலும் விழுவதை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, கூட்டம் ஏற்பாடு செய்யும் மின் நாட்காட்டி. கூட்டம் கூட்டுகிற மேலாளருக்கு அது வசதிதான். ஆனால் அவருக்கு அந்த வசதி கிடைக்க, மற்ற எல்லோரும் தங்கள் நாட்காட்டியை ஒழுங்காக நிரப்பி வைத்திருக்க வேண்டும். நம் ஊர் மில்லில் முதலாளி போனில் பார்க்கிற ஸ்டாக் ரிப்போர்ட்டும் அப்படித்தான். அதற்காக ஸ்டோரில் ஒருவர் ஒவ்வொரு நூல் மூட்டைக்கும் ஏழு கட்டம் நிரப்பிக்கொண்டிருப்பார். நிரப்புகிறவர் யார், பார்க்கிறவர் யார் என்று இரண்டு பெயரை ஒரு தாளில் எழுதிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

2. நடத்தை, உந்துதல்னு ரெண்டு வார்த்தை சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

கை செய்வது நடத்தை. அதைச் செய்ய வைப்பது உந்துதல். முதலாவதைக் கண்ணால் பார்க்கலாம், இரண்டாவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஈரோடு பக்கம் ஒரு அலுவலகம். அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா, பர்ச்சேஸ் பில் வந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்ற மாட்டார். நீளமான கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதுவார். பில்லைக் கிளிப்பில் மாட்டுவார். நாலு மணிக்கு மேல் மொத்தமாக உட்கார்ந்து ஏற்றுவார். ஏற்றிய வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். இவ்வளவும் நடத்தை. இதைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் ஆள், "ரெட்டை வேலை பார்க்கிறார், கம்ப்யூட்டர் பழக்கம் போதாது" என்று எழுதியிருந்தார். இரண்டாவது பாதி அவருடைய ஊகம்.

நான் போய் இரண்டு நாள் உட்கார்ந்தேன். மதியம் வரை பில்களில் திருத்தம் வந்துகொண்டே இருந்தது. ரேட் மாறியது, எடை குறைந்தது, ஒரு டிரைவர் வேறு பார்ட்டியின் பில்லைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைத்து வைக்கக்கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வவுச்சரை, அதாவது ஒரு கணக்குப் பதிவை, மூன்று தடவை மாற்றினால் மூன்றும் அவர் பெயரில் நிற்கும், ஆடிட்டர் கேட்பார். பென்சில் எழுத்தை அழித்துவிட்டால் கேட்க ஆளில்லை. தன் பெயரில் தப்பு நிற்கக்கூடாது என்பதுதான் அவருடைய உந்துதல். அது தெரியாமல் இருந்திருந்தால் அவருக்கு டைப்பிங் வகுப்பு எடுத்திருப்போம். தெரிந்ததால், சரிபார்க்காத பில்கள் கணக்கில் சேராமல் காத்திருக்க ஒரு பட்டியல் செய்து கொடுத்தோம். அடுத்த மாதம் போனபோது பென்சில் டப்பாவுக்குள் போயிருந்தது.

3. எதுக்கு நேர்ல போகணும்? போன் போட்டுக் கேட்டா சொல்லப் போறாங்க.

சொல்வார்கள், பொய்யும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கை பழகிய வேலையை வாய் முழுசாகச் சொல்லாது. குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டால் "கண்ணளவுதான்" என்பார். மேலே சொன்ன அக்காவும் போனில், "பில் வந்ததும் என்ட்ரி போட்டுடுவேன் சார்" என்றுதான் சொல்லியிருந்தார். அவரைப் பொறுத்தவரை நோட்டில் எழுதுவதும் என்ட்ரியில் சேர்த்திதான்.

கேட்டே ஆக வேண்டும் என்றால், "பொதுவா எப்படிப் பண்ணுவீங்க?" என்று கேட்காதீர்கள். பொதுக் கேள்விக்கு விதிமுறைதான் பதிலாக வரும். "கடைசியா எப்போ மாட்டிக்கிட்டீங்க? அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். ஜான் ஃப்ளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் உலகப் போர்க் கால விமானப் படை ஆய்வுகளில் இப்படி நடந்த சம்பவங்களைச் சேகரித்து, 1954-இல் அதை ஒரு முறையாகவே எழுதி வைத்தார். எழுபது வருடம் ஆகியும் என் பையில் இருக்கும் கேள்விகளில் இதுதான் அதிகம் பயன்படுவது. இன்னொன்று, "என்ன வசதி வேணும்?" என்று கேட்காதீர்கள். பட்டன் பட்டியல் ஒன்று கிடைக்கும், வேலை எங்கே வலிக்கிறது என்பது கிடைக்காது.

4. பக்கத்துல ஆள் உட்கார்ந்தா நடிக்க மாட்டாங்களா?

முதல் அரை மணி நேரம் கொஞ்சம் நடிப்பு இருக்கத்தான் செய்யும். சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளை இதற்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததால் தொழிலாளர்கள் நன்றாக வேலை செய்தார்கள் என்ற கதை. பின்னால் அந்தக் கணக்குகளைத் திரும்ப ஆராய்ந்தவர்கள், கதையில் சொல்கிற அளவுக்கு விளைவு பெரிதில்லை என்று சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். ஆனாலும் எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதான்.

என் அனுபவத்தில் வேலை நெருக்கம் நடிப்பைக் கலைத்துவிடும். ஜிஎஸ்டி வரிப் படிவங்களில் மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20-ஆம் தேதி. 18, 19-ஆம் தேதிகளில் அக்கவுண்ட்ஸ் அறையில் ஒரு ஓரமாக, வாயைத் திறக்காமல், அவர்கள் நடக்கும் வழியை அடைக்காமல் உட்காருங்கள். பதினொரு மணிக்கு மேல் நீங்கள் இருப்பதே அவர்களுக்கு மறந்துவிடும். அன்றைக்குக் கேள்வி கேட்கக்கூடாது. குறித்து வைத்துக்கொண்டு 22-ஆம் தேதி போய்க் கேளுங்கள்.

5. சரி, போய் உட்கார்ந்தாச்சு. எதைப் பார்க்கிறது?

ஸ்க்ரீனை மட்டும் பார்க்காதீர்கள். மேசையைப் பாருங்கள், மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளைப் படியுங்கள். அங்கே எழுதியிருப்பவை பெரும்பாலும் மென்பொருள் நினைவில் வைத்திருக்க வேண்டியவை. பார்ட்டி கோடு, சரக்கு வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண், "இந்தப் பார்ட்டிக்கு 30 நாள் கிரெடிட்" மாதிரி. ஸ்க்ரீனில் எத்தனை தடவை வேறு ஜன்னலுக்குத் தாவுகிறார், எப்போது போனை எடுத்து ஸ்க்ரீனைப் படம் பிடிக்கிறார், எந்தப் பொத்தானுக்கு முன்னால் கை ஒரு நொடி நிற்கிறது என்று பாருங்கள். பெருமூச்சையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பில்லிங் கவுண்டரில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கால்குலேட்டர் இருந்தது. பன்னிரண்டு இலக்கப் பெரிய பொத்தான் வகை. "கூட்டல்" பொத்தானில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. பில்லை மென்பொருள் கூட்டிய பிறகும் அந்தத் தம்பி கால்குலேட்டரில் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரிண்ட் கொடுத்தார். கம்ப்யூட்டர் கூட்டல் தப்பாக வரும் என்று நினைக்கிறாரா என்று கேட்டேன். "இல்லண்ணா, ரவுண்டு ஆஃப் எங்க போகுதுன்னு தெரியாது. கஸ்டமர் கேட்டா நான் சொல்லணுமில்ல" என்றார். ஐம்பது காசு எப்படி வந்தது என்று வாடிக்கையாளர் கேட்கும்போது அவர் விழிக்க வேண்டியிருந்தது. பில்லில் வரித் தொகைக்குக் கீழே ரவுண்டு ஆஃப் தொகையைத் தனியாகக் காட்டினோம். ஒரு வாரத்தில் கால்குலேட்டர் டிராயருக்குள் போனது.

6. எத்தனை பேரைப் பார்த்தா போதும்? அஞ்சு பேர்னு படிச்சிருக்கேன்.

அந்த ஐந்து, மென்பொருள் பயன்படுத்த எளிதா என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் சொன்னது. அவரும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் போட்ட கணக்குப்படி, ஒருவரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்கள் தெரியவரும், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வந்துவிடும். அது ஒரு ஸ்க்ரீனில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் கணக்கு. அதுவும் ஒரே மாதிரி வேலை செய்கிற ஐந்து பேருக்கு.

உந்துதலைத் தேடுகிறீர்கள் என்றால் எண் முன்கூட்டியே தெரியாது. ஒவ்வொரு வேலை வகையிலும் நாலைந்து பேரைப் பாருங்கள். புதிதாக எதுவும் கண்ணில் படாத நாள் வரும்போது நிறுத்துங்கள். சின்ன கம்பெனி, பெரிய கம்பெனி இரண்டிலும் பாருங்கள். ஒரே கம்பெனியில் பத்துப் பேரைப் பார்ப்பதைவிட ஐந்து கம்பெனியில் இரண்டிரண்டு பேரைப் பார்ப்பது மேல்.

7. பெர்சோனான்னு ஒண்ணு போடச் சொல்றாங்க. போட்டோ, பேரு, பொழுதுபோக்கு எல்லாம் போட்டாச்சு. யாரும் திரும்பிப் பார்க்கலையே?

பெர்சோனா என்பது பயன்படுத்துகிறவர் ஒருவரை ஒரு தாளில் வரைந்து காட்டும் குறிப்பு. மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர் 1990-களின் கடைசியில் இந்த முறையைப் பரப்பினார். டெவலப்பர் மனதில் "யூசர்" என்ற சொல் ரப்பர் மாதிரி நீள்கிறது, தனக்கு வேண்டியபடியெல்லாம் வளைகிறது என்பது அவர் கண்ட பிரச்சினை. அதற்குத் தீர்வாக, பெயரும் குறிக்கோளும் உள்ள ஒரு மனிதரை முன்னால் நிறுத்தினார். அதில் குறிக்கோள்தான் உயிர். நம் ஆட்கள் அதை விட்டுவிட்டு, "வயது 34, ஃபில்டர் காபி பிடிக்கும், கிரிக்கெட் பார்ப்பார்" என்று நிரப்பிவிடுகிறார்கள். காபி பிடிக்கும் என்று தெரிந்து எந்தப் பொத்தானை நகர்த்தப் போகிறோம்?

நான் நாலு விஷயம் மட்டும் எழுதுவேன். ஒரு நாளில் என்ன செய்கிறார், எதற்குப் பயப்படுகிறார், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், எப்போது நிம்மதியாக வீட்டுக்குப் போவார். இரண்டாம் கேள்வியில் வந்த அக்காவைப் பற்றி எழுதினால், "திருத்தத்தின் சுவடு தன் பெயரில் தங்குவதற்கு அஞ்சுபவர், ஆடிட்டருக்குப் பதில் சொல்பவர்" என்று ஒரே வரி போதும். அந்த வரி டெவலப்பர் மேசையில் வேலை செய்கிறது, திருத்தம் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அவர்களே அதை எடுத்துப் பார்க்கிறார்கள். ஒன்று கவனியுங்கள். பார்த்த ஆட்களிலிருந்து எழுதுங்கள். அறைக்குள் உட்கார்ந்து கற்பனையில் எழுதினால் அது நம் சொந்த விருப்பத்துக்கு வைத்த பெயராகிவிடும்.

8. ஏஐ-கிட்ட சொன்னா ரெண்டு நிமிஷத்துல பெர்சோனா எழுதிக் குடுக்குதே?

எழுதும், படிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் தேய்ந்த கால்குலேட்டர் பொத்தான் அதில் வராது. நேரில் பார்த்து எடுத்த குறிப்புகளை வகைப்படுத்த உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குப் பதிலாக வைக்காதீர்கள்.

9. வயசானவங்களுக்குக் கம்ப்யூட்டர் வராது. அதுதானே பாதிப் பிரச்சினை?

டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருபது வருடம் ஓட்டிய ஒரு சீனியர் அக்கவுண்டன்ட் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். கண் பில்லில் இருக்கும், விரல் தானாக ஓடும், கன்ட்ரோல்-ஏ அடித்து அடுத்த வவுச்சர். மவுஸ் ஓரமாகத் தூசி படிந்து கிடக்கும். இருபத்தைந்து வயசு ஆள் மவுஸைப் பிடித்துக்கொண்டு அந்த வேகத்தை எட்ட முடியாது.

அதே சாரை பிரவுசரில் ஓடும் புது மென்பொருள் முன்னால் உட்கார வைத்தால் தடுமாறுவார். வயசு காரணமில்லை. இருபது வருடமாக விரலில் சேர்த்து வைத்த சொத்து ஒரே நாளில் செல்லாமல் போய்விட்டது, அதுதான் காரணம். நேற்று வரை ஆபீஸில் எல்லோரும் அவரிடம் கேட்டார்கள், இன்று அவர் ஒரு ட்ரெய்னியிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வலியை "வயசாயிடுச்சு" என்று எழுதி மூடுவது பெரிய அநியாயம். நாங்கள் செய்த ஒரு மென்பொருளில் பழைய எஃப் விசைகளை அதே வேலைக்குக் கொடுத்தோம். அந்த ஒரு மாற்றத்துக்கு வந்த நன்றி போன்கள் வேறு எந்தப் புது வசதிக்கும் வந்ததில்லை.

10. மூணு தடவை ட்ரெய்னிங் குடுத்தும் பழைய மாதிரியேதான் பண்றாங்க. என்னதான் பண்றது?

ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்த ஜான் கேரலும் மேரி பெத் ரோசனும் 1987-இல் இதை ஆராய்ந்தார்கள். கற்றுக்கொண்டால் பின்னால் வேகமாக வேலை செய்யலாம் என்பது மக்களுக்குத் தெரியும். ஆனாலும் கையேட்டைத் திறக்க மாட்டார்கள், நேராக வேலைக்குள் குதிப்பார்கள். தெரிந்த ஒரு வழி கிடைத்துவிட்டால், அது சுற்று வழியாக இருந்தாலும், அதையே பிடித்துக்கொள்வார்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. லாரி வாசலில் நிற்கிறது, டிரைவர் பில் கேட்கிறார், கற்றுக்கொள்ள நேரம் எங்கே?

ஆகவே ட்ரெய்னிங்கை மூன்று மணி நேர வகுப்பாக வைக்காதீர்கள். அவர் சுற்று வழியில் போகிற அந்த இடத்தில், அந்த நேரத்தில், ஒரே ஒரு விஷயம் சொல்லிக் கொடுங்கள். அப்புறம் ஒரு பத்து நாள் கழித்து இன்னொன்று. மூன்று தடவை சொல்லியும் ஒரே இடத்தில் எல்லோரும் தடுமாறினால் மாற்ற வேண்டியது ஸ்க்ரீனை.

11. இவ்வளவு செலவு பண்ணி மென்பொருள் வாங்கியும் எக்செலை விட மாட்டேங்கிறாங்களே?

அந்த எக்செல் கோப்பைக் கெஞ்சிக் கேட்டாவது வாங்கிப் பாருங்கள். உங்கள் மென்பொருளில் என்ன இல்லை என்பதைப் பைசா வாங்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வசூல் பார்க்கும் ஒரு அம்மா வைத்திருந்த கோப்பு எனக்கு மனப்பாடம். பார்ட்டி பெயர், பில் எண், தொகை, தேதி வரை எங்கள் மென்பொருளில் இருப்பதுதான். அதற்கு மேல் நாலு பத்திகள் இருந்தன: "போன் பண்ணினது", "என்ன சொன்னாங்க", "யார்கிட்ட பேசணும்", "பார்த்துப் பேசணும்". கடைசிப் பத்தியில் சில பெயர்களுக்கு மட்டும் மஞ்சள் வண்ணம். பார்ட்டி வீட்டில் இழவு விழுந்திருக்கிறது, ஒரு மாதம் கறாராகக் கேட்கக்கூடாது என்று அதற்கு அர்த்தம். எங்கள் மென்பொருளைப் பொறுத்தவரை பாக்கி என்றால் ஒரு எண். அந்த அம்மாவுக்கு அது ஒரு உறவு, அடுத்த ஆர்டர் வருமா என்பதும் அதில்தான் இருக்கிறது. வசூல் ஸ்க்ரீனைத் திரும்பச் செய்தபோது அந்த நாலு பத்திகளை அவர் வார்த்தையிலேயே வைத்தோம். மஞ்சள் வண்ணத்துக்கு மட்டும் பெயர் வைக்க வேண்டாம் என்றார். வைக்கவில்லை.

12. குறுக்கு வழியில போறவங்களை என்ன பண்றது? ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் போடறாங்க, போன் நம்பர் கட்டத்துல பத்து ஒன்பது அடிக்கிறாங்க.

முதலில் கோபப்படாமல் எண்ணுங்கள். எந்தக் கட்டத்தில் 9999999999 வருகிறது, எத்தனை தடவை, எந்த நேரத்தில்? கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று நாம் வைத்த கட்டத்தில், வரிசையில் எட்டுப் பேர் நிற்கிற நேரத்தில்தான் அது வரும். வாடிக்கையாளர் நம்பர் தர மறுக்கிறார், மென்பொருள் நம்பர் இல்லாமல் பில் போட மறுக்கிறது. நடுவில் மாட்டியவர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்.

இதை மிகக் கவனமாகப் பார்த்த ஒரு ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ராஸ் கோப்பலும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் பார்கோடு முறையைப் பார்த்தார்கள். நர்ஸ் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்துவிட்டுக் கொடுக்க வேண்டும். ஆய்வாளர்கள் 15 வகைக் குறுக்கு வழிகளையும் அவற்றுக்கு 31 காரணங்களையும் கண்டார்கள். நர்ஸ்கள் நோயாளியின் பார்கோடை நகல் எடுத்துக் கதவுச் சட்டத்திலும் தள்ளுவண்டியிலும் ஒட்டி வைத்திருந்தார்கள், இடுப்பு வளையத்தில்கூட மாட்டியிருந்தார்கள். படிக்க ஆபத்தாகத்தான் இருக்கிறது, ஆபத்துதான். ஆனால் காரணங்களைப் பாருங்கள். கைப்பட்டை நனைந்திருந்தது, பார்கோடு கசங்கியிருந்தது, ஸ்கேனர் பேட்டரி தீர்ந்திருந்தது, வயர்லெஸ் எட்டவில்லை. நோயாளிக்கு மருந்து நேரம் தவறக்கூடாது என்கிற உந்துதல்தான் அந்த நகலை ஒட்ட வைத்தது. பாஸ்வேர்டைப் பகிர்வதிலும் இதே போல ஒரு காரணம் இருக்கும். ஷிப்ட் மாறும்போது மென்பொருளிலிருந்து ஒருவர் வெளியேறி அடுத்தவர் உள்ளே நுழைய எத்தனை நொடி ஆகிறது என்று ஒருமுறை கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

13. யூசர் தப்புன்னு உறுதியா தெரிஞ்சா? அப்பவும் மென்பொருளைத்தான் குறை சொல்வீங்களா?

2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டி வங்கி, ரெவ்லான் என்ற அழகுப் பொருள் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 90 கோடி டாலர் வெளியே போனது. ஃப்ளெக்ஸ்க்யூப் மென்பொருளில் அசல் தொகை வெளியே போகாமல் உள்கணக்கில் நிற்க மூன்று கட்டங்களில் குறி வைக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வைத்தால் போதும் என்று நினைத்தார்கள். ஒருவர் நினைத்திருந்தால் கவனக்குறைவு எனலாம். போட்டவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று பேரும் அப்படியே நினைத்தார்கள். மூன்று பேர் ஒரே மாதிரி தவறாகப் படித்தால், அந்த ஸ்க்ரீன் சொன்னதே அதுதான். வந்த பணத்தைத் திருப்பித் தராத, கடன் கொடுத்திருந்த சிலருடன் வழக்கு 2022 வரை இழுத்தது.

இன்னொன்று என்னைத் தூங்க விடாத கதை. பிரிட்டன் அஞ்சல் துறையில் 1999 முதல் வந்த ஹொரைசன் மென்பொருள் கணக்கில் பணம் குறைவதாகக் காட்டியது. கிளை நடத்தியவர்கள் "நாங்கள் எடுக்கவில்லை" என்று கதறினார்கள். உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது என்று பலருக்குப் பதில் வந்தது. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். 2024-இல்தான் சட்டம் இயற்றி மொத்தமாகத் தீர்ப்புகளை ரத்து செய்தார்கள். சப்போர்ட்டில் போன் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன். "வேற யாரும் இப்படிச் சொல்லலையே" என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வரக்கூடாது.

14. எல்லா கிளிக்கும் லாக்ல இருக்கு. அதைப் பார்த்தா போதாதா?

லாக் நல்லது, பாருங்கள். எங்கே நின்றார்கள், எங்கே திரும்பி வந்தார்கள் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஒரு ஸ்க்ரீனில் பதினைந்து நிமிடம் யாரும் எதையும் தொடவில்லை என்று லாக் காட்டியது. குழம்பிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தோம். நேரில் பார்த்தால், ஸ்டோர் ஆள் அந்த ஸ்க்ரீனைத் திறந்து வைத்துக்கொண்டு குடோனுக்கு நடந்து போய் மூட்டை எண்ணிவிட்டு வருகிறார். அவருக்குத் தேவைப்பட்டது கையில் எடுத்துப் போக ஒரு பிரிண்ட்.

அப்புறம், லாக் எடுப்பதாக இருந்தால் ஊழியர்களுக்குச் சொல்லிவிட்டு எடுங்கள். எதற்கு, யார் பார்ப்பார்கள் என்றும் சொல்லுங்கள்.

15. வேணும்னே ஒத்துழைக்காத ஆளும் இருக்காரே? எது கேட்டாலும் சர்வர் ஸ்லோங்கிறார்.

இருக்கிறார். ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாக இருந்த அண்ணன். எந்த பேரிங் எந்த அலமாரியில், எந்த டப்பாவுக்குப் பின்னால் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். மெஷின் நின்றால் ஆலையே அவரைத் தேடி ஓடி வரும். நாங்கள் ஒவ்வொரு இடத்துக்கும் எண் கொடுத்து, யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கிற மாதிரி செய்தோம். ஸ்க்ரீன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய மதிப்பை எடுத்துப் பொதுவில் வைத்துவிட்டோம். அதன் பிறகு அவருக்கு சர்வர் ஸ்லோதான்.

ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989-இல் ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதற்கு இரண்டு காரணங்களை அளந்தார். எனக்குப் பயன்படும் என்ற எண்ணம் ஒன்று, சுலபம் என்ற எண்ணம் மற்றொன்று. முதலாவதுதான் அதிக வலு. அந்த அண்ணனுக்குச் சுலபமாக்கி என்ன பயன்? அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது? திரும்பப் போய், இடங்களுக்கு அவர் வழக்கமாகச் சொல்லும் பெயர்களையே வைத்தோம். எதை எங்கே மாற்றினாலும் அவர் ஒப்புதல் வேண்டும் என்று ஆக்கினோம். என்ட்ரி ஓரளவு ஒழுங்காக வர ஆரம்பித்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், சில சாமான்கள் இன்னும் அவர் மனசில்தான் இருக்கின்றன. மென்பொருள் வந்தால் நிஜமாகவே ஆள் குறையும் என்றால், குறையாது என்று நாம் போய்ச் சொல்லக்கூடாது. அதைச் சொல்ல வேண்டியது முதலாளி, அதுவும் முன்கூட்டியே.

16. முதலாளி ஒண்ணு கேட்கிறார், ஸ்டாஃப் வேற கேட்கிறாங்க. யார் பக்கம் நிக்கிறது?

முதல் கேள்விக்கான பதிலில் எழுதச் சொன்ன இரண்டு பெயர்களை எடுங்கள். முதலாளி கேட்கும் ரிப்போர்ட்டுக்குத் தேவையான கட்டங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும், அதை நிரப்புகிறவருக்கு அதிலிருந்து என்ன திரும்பி வருகிறது என்று கேளுங்கள். எதுவும் வராத கட்டங்கள்தான் பொய்யாக நிரம்பும். முதலாளிக்கு இது புரியும். "உங்க ரிப்போர்ட்ல இருக்கிற இந்த எண் யாரோ அவசரத்துல அடிச்சது" என்று ஒரு உதாரணம் காட்டினால் போதும், கட்டங்களைக் குறைக்க அவரே முன்வருவார். ஏழு கட்டம் கேட்ட அந்த நூல் மூட்டை ஸ்க்ரீனில் இப்போது மூன்று இருக்கிறது.

17. பார்த்ததை எழுதிக் குடுத்தா, அந்த ஸ்டாஃபுக்குத் திட்டு விழாதா?

விழும். என்னால் விழுந்திருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரு அறிக்கையில் "இரண்டாவது ஷிப்ட் கேஷ் கவுண்டரில் மேனேஜர் பாஸ்வேர்டைப் போட்டு பில் ரத்து செய்கிறார்கள்" என்று எழுதினேன். பெயர் எழுதவில்லை, அதனால் போதும் என்று நினைத்தேன். இரண்டாவது ஷிப்டில் அந்தக் கவுண்டரில் இருந்தது ஒரே ஒரு பெண். மேனேஜர்தான் தான் இல்லாத நேரத்துக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்திருந்தார், ஆனால் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியது அந்தப் பெண். மன்னிப்புக் கேட்கப் போனேன். "பரவாயில்ல சார்" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் எதுவும் பேசவில்லை.

அன்றிலிருந்து உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறேன்: எதைக் குறிக்கிறேன், யாரிடம் கொடுப்பேன், எதைக் கொடுக்க மாட்டேன். ஷிப்ட், கவுண்டர், கிளை எதுவும் அறிக்கையில் வராது. பல இடத்தில் பார்த்ததைச் சேர்த்து ஒன்றாக எழுதுவேன். முதலாளியிடம் போவதற்கு முன் யாரைப் பார்த்தேனோ அவர்களிடம் வாசித்துக் காட்டுவேன். போன மாதம் ஒரு அக்கா கேட்டுவிட்டு, "அந்த மூணாவது வரி மட்டும் வேண்டாம் தம்பி" என்றார். அடித்துவிட்டேன்.